புற்றுநோயைக் காட்டும் வெளிச்சம் போடி மலைக்கு எப்போது வரும்?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாங்க வரும் வியாபாரி காயைத் தட்டில் பரப்பி வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பார். பச்சை எவ்வளவு நின்றிருக்கிறது, எங்கே வெளுத்திருக்கிறது, எது பூச்சி கடித்தது, எது இளங்காய் என்பதையெல்லாம் அவர் கண் சில விநாடிகளில் பிரித்துவிடும். லிட்டர் எடை, காயின் பருமன் எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் வந்த பிறகும் இந்தக் கண் பார்வைக்கு மதிப்புக் குறையவில்லை. காயின் மேல் விழுந்த ஒளி திரும்பி வரும்போது காயின் உள்ளே நடந்ததைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறது. அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு லாபம், தெரியாதவருக்கு நஷ்டம்.

ஒளியை வைத்துப் புற்றுநோயைக் கண்டுபிடிப்பது என்று செய்திகளில் வருகிறதே, அதுவும் அடிப்படையில் இதே வேலைதான். ஆச்சரியம் என்னவென்றால், காய்க்கு இவ்வளவு வெளிச்சம் காட்டும் ஊரில், அந்தக் காயைப் பறிக்கும் பெண்ணின் வாய்க்குள் ஒரு டார்ச் அடித்துப் பார்க்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

முதலில் அறிவியலைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பயப்பட வேண்டாம், சுருக்கமாகத்தான்.

திசுவின் மேல் ஒளி பட்டால் மூன்று விஷயங்கள் நடக்கலாம். ஒரு பகுதி உறிஞ்சப்படும், ஒரு பகுதி சிதறித் திரும்பும், இன்னும் கொஞ்சம் வேறு நிறத்தில் ஒளிரும். நம் உடம்பில் கொலாஜன் போன்ற சில பொருட்கள் நீல ஒளி பட்டால் பச்சையாக மின்னும் குணம் உள்ளவை. நல்ல வாய்த் தோலின் மேல் நீல விளக்கு அடித்து, சரியான வடிகட்டி வழியாகப் பார்த்தால் இளம்பச்சையாகத் தெரியும். செல்கள் கெட ஆரம்பித்த இடத்தில் அந்தப் பச்சை மங்கி, கரும்புள்ளி போலத் தெரியும். புற்றாகத் திரண்டு புண்ணாவதற்கு முன்பே இந்த மாற்றம் நடக்கலாம் என்பதுதான் இதன் பெருமை. நியூயார்க்கில் ஆல்ஃபானோ என்ற இயற்பியலாளரின் குழு 1984-இல் லேசர் கொண்டு நல்ல திசுவும் புற்றுத் திசுவும் வேறு வேறாக ஒளிர்வதைக் காட்டியது. அதிலிருந்துதான் இந்தத் துறை வேகம் பிடித்தது.

இதற்கும் முன்னோடி ஒருவர் திருச்சியில் பிறந்தவர். 1928-இல் சி.வி. ராமன் கண்டுபிடித்த ஒளிச்சிதறல், ஒரு பொருளின் மூலக்கூறுகளுக்கு ஒளியாலேயே கைரேகை எடுப்பது போன்றது. இன்று பல நாட்டு ஆய்வகங்களில் திசுவைக் கீறாமலே அது புற்றா இல்லையா என்று ராமன் கருவியை வைத்துப் பார்க்கிறார்கள். வாய்ப் புற்றில் இதைச் செய்து பார்த்தவர்களில் மும்பை டாட்டா நினைவு மையத்தின் ஆய்வகமும் உண்டு. பள்ளிக்கூடத்தில் தேசிய அறிவியல் தினத்துக்குக் கோலம் போட்டு முடித்துவிடுகிறோமே, அந்த ராமன் விளைவு இதுதான்.

ஆனால் ஒளிக்கு ஓர் எல்லை உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளி உடம்புக்குள் சில மில்லிமீட்டர்தான் போகும். ஆகவே அது வெளியே தெரியும் இடங்களில்தான் வேலை செய்யும். வாய், தோல், கருப்பை வாய், எண்டோஸ்கோப் குழாய் எட்டும் உணவுக்குழாய், குடல், சிறுநீர்ப்பை இவ்வளவுதான். மார்பகத்துக்குள் அகச்சிவப்புக் கதிரைச் செலுத்திப் பார்க்கும் முயற்சிகள் பெரும்பாலும் ஆராய்ச்சி அளவில் இருக்கின்றன. உடம்புச் சூட்டைப் படம் பிடிக்கும் கருவிகளை மேமோகிராமுக்குப் பதிலாக நம்பக் கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறது. 'ஒரே ஸ்கேனில் எல்லாப் புற்றும்' என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால் வாங்கி மடித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏலக்காய் பொட்டலம் கட்ட உதவும்.

அதிர்ஷ்டவசமாக (இந்த விஷயத்தில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாமா என்று தெரியவில்லை) இந்தியாவில் அதிகம் வரும் புற்றுகளில் இரண்டு, ஒளி எட்டும் இடத்திலேயே வருகின்றன. உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் அந்த வருடம் சுமார் 1 லட்சத்து 43 ஆயிரம் பேருக்கு உதடு, வாய்ப் புற்று. சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்று. அதில் இறந்தவர்கள் ஏறக்குறைய 80 ஆயிரம். எட்டும் இடத்தில், பல வருடம் மெதுவாக வளரும் நோய் அது.

இதற்குப் பெரிய லேசர் எல்லாம் தேவையா? இந்தக் கேள்விக்குப் பதில் வெளிநாட்டில் இல்லை, போடிக்குப் பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறது.

திண்டுக்கல் மாவட்டம், அம்பிளிக்கை. 2000-ஆம் ஆண்டு தொடங்கி அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவமனை ஒன்றும் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து ஒரு பெரிய ஆய்வு நடத்தின. முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவர் டாக்டர் ஆர். சங்கரநாராயணன். முறை மிக எளிது. பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகரின் சொந்தக்காரனைத் தடவுவார். ஒரு நிமிடம் காத்திருப்பார். நல்ல விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார். அவ்வளவுதான்.

இதிலும் வேலை செய்வது ஒளிதான். கெட ஆரம்பித்த செல்லில் உட்கரு பெரிது, புரதம் அதிகம். அமிலம் பட்டதும் அந்தப் புரதம் கொஞ்ச நேரத்துக்கு உறைந்து போகும். அப்போது ஒளி கீழே உள்ள ரத்தக் குழாய் வரை போகாமல் மேலேயே சிதறித் திரும்பும். சிவப்பாகத் தெரிய வேண்டிய இடம் வெள்ளையாகத் தெரியும். முட்டை வெந்தால் வெள்ளையாவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

30 முதல் 59 வயது வரை உள்ள பெண்கள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் 49,311 பேர், வழக்கமான மருத்துவ வசதி மட்டும் இருந்த ஊர்களில் 30,958 பேர். முடிவு 2007-இல் லான்செட் இதழில் வந்தது. அழைக்கப்பட்ட ஊர்களில் கருப்பை வாய்ப் புற்று 25 சதவீதமும் அதனால் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. ஒரே ஒரு தடவை பார்த்ததற்கு இவ்வளவு! விளக்கு, வினிகர், பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ், கண்ட இடத்தை உறையவைத்து அழிக்கும் கிரையோதெரபி கருவி. கிராமத்துக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடிய சாமான்கள்.

இந்த ஆய்வைப் புகழும்போது ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த ஊர்களின் பெண்களுக்கு அந்தக் காலத்தில் பரிசோதனை கிடைக்கவில்லை. அவர்களிலும் புற்று வந்தது, இறந்தார்கள். பாப் ஸ்மியர் என்ற பழைய பரிசோதனை உலகத்தில் இருக்கும்போது இப்படி ஒரு குழுவை வெறுமனே விட்டு வைத்தது சரியா என்று பின்னாளில் மருத்துவ நெறியாளர்கள் கடுமையாகக் கேட்டார்கள். அந்தப் பெண்களுக்கு அன்று வேறு எந்த வசதியும் இருந்ததில்லை என்பது ஆய்வாளர்கள் பக்கத்துப் பதில். அந்தப் பதில் உண்மைதான். ஆனால் அது ஆய்வைக் காப்பாற்றுகிறதா, நாட்டைக் குற்றம் சாட்டுகிறதா என்பது வேறு விஷயம். எப்படிப் பார்த்தாலும், இவ்வளவு விலை கொடுத்துக் கிடைத்த அறிவைப் பயன்படுத்தாமல் வைத்திருக்க யாருக்கும் உரிமை கிடையாது.

தமிழ்நாடு பயன்படுத்தவும் முயன்றது. உலக வங்கி உதவியோடு நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டம், கருப்பை வாய்ப் புற்றுப் பரிசோதனையை 2007-இல் இரண்டே மாவட்டங்களில் சோதனை முறையில் தொடங்கியது. ஒன்று தஞ்சாவூர். இன்னொன்று எது தெரியுமா? தேனி. போடி இருக்கும் அதே தேனி மாவட்டம்தான்! அசிட்டிக் அமிலத்தோடு லுகால் அயோடினும் பயன்பட்டது. அயோடின் பட்டால் நல்ல இடம் பழுப்பாகும், சந்தேக இடம் கடுகு மஞ்சளாக நிற்கும். 2012-இலிருந்து இது மாநிலம் முழுக்க விரிந்தது. போடி என்றால் வெளியூர் அறிவியல் ஆர்வலர்களுக்குப் பொட்டிபுரத்து நியூட்ரினோ திட்டமும் அதன் சண்டையும்தான் ஞாபகம் வரும். மலையைக் குடையாமல், சத்தம் இல்லாமல் இந்த மாவட்டத்தில் தொடங்கிய ஒளிச் சோதனை ஒன்று உண்டு என்பது யாருக்கும் தெரியாது.

பலன்? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு தடவையாவது கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் 1.9 சதவீதம். தமிழ்நாட்டில் 9.8. இந்தியாவோடு ஒப்பிட்டால் மார் தட்டலாம். ஆனால் வகுப்பில் நூற்றுக்குப் பத்து மார்க் வாங்கியவன், இரண்டு மார்க் வாங்கியவனைப் பார்த்துச் சிரிப்பது போல இருக்கும்.

மீதி 90 பேர் எங்கே? அவர்களில் ஒரு பகுதியைப் போடியில் விடியும் முன்பே பார்க்கலாம், ஜீப்பில். தேவாரம், கம்பம் பக்கமும் இதே காட்சிதான். போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜாகாடு பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஜீப்புகளில் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கி உட்கார்ந்திருக்கும் பெண்கள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றாக ஏறி, மாநில எல்லையைத் தாண்டி, காய் எடுத்து, களை பறித்து, சாயங்காலம் அதே வழியில் இறங்குவார்கள். வீட்டுக்கு வந்ததும் அடுப்பு.

கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வருவது பகலில். முகாம் நடப்பது பகலில். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த மேசையும் விளக்கும் இருப்பது பகலில். பகல் முழுக்க இந்தப் பெண்கள் கேரளாவில். கேரளத்து ஆஷா பணியாளரின் நோட்டில் இவர்கள் பெயர் இருக்காது, ஏனென்றால் குடியிருப்பு தமிழ்நாடு. தமிழ்நாட்டு நோட்டில் பெயர் இருக்கும், பக்கத்தில் 'வீட்டில் இல்லை' என்று இருக்கும். இரண்டு மாநிலமும் தங்கள் கணக்கில் தப்புச் செய்யவில்லை. ஆள்தான் விட்டுப்போகிறது.

ஒரு நாள் லீவு போட்டுப் போகக் கூடாதா என்று கேட்பது சுலபம். காய் எடுக்கும் பருவத்தில் ஒரு நாள் கூலி என்பது வீட்டில் அரிசி. வலி இருந்தாலாவது போவார்கள். இந்த நோயின் ஆரம்பத்தில் வலியே இல்லையே! வலி வந்த பிறகு போனால் வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்காது, சும்மா பார்த்தாலே தெரியும்.

வாய்க்கு வருவோம். மலையில் வெற்றிலை பாக்கு புகையிலை என்பது பழக்கம் மட்டும் இல்லை. குளிருக்கு, பசிக்கு, குனிந்தே நிற்கும் முதுகுவலிக்கு அதுதான் துணை. புகையிலை மட்டுமல்ல, பாக்கே புற்றை உண்டாக்கும் பொருள் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் அறிவித்துவிட்டது. கன்னத்தின் உள்ளே துடைத்தால் போகாத வெள்ளைப் படலம், சிவப்புத் திட்டு, வாய் முழுதாகத் திறக்க முடியாமல் இறுகிப்போவது, இவையெல்லாம் முன்னறிவிப்புகள். வீட்டில் பாட்டிக்கு ஆறாத வாய்ப்புண் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால், 'சூடு' என்று சொல்லி மணத்தக்காளிக் கீரையோடு விட்டுவிடாதீர்கள்.

இங்கேயும் பக்கத்திலேயே ஆதாரம் இருக்கிறது. 1996-இல் தொடங்கித் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடந்த ஆய்வில், டாக்டர்கள் அல்ல, பயிற்சி கொடுக்கப்பட்ட பட்டதாரிப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறந்து பார்த்தார்கள். 2005-இல் வந்த முடிவுப்படி, புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுச் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது. கண்ணும் வெளிச்சமும் மட்டும்!

அதே திருவனந்தபுரத்தில்தான் அடுத்த கட்டமும் நடந்தது. ரத்தத்தின் ஹீமோகுளோபின் மஞ்சள், பச்சை ஒளியைக் குறிப்பிட்ட இடங்களில் உறிஞ்சும். புற்று வளரும் இடத்தில் ரத்த ஓட்டம் மாறுவதால் திரும்பி வரும் ஒளியின் விகிதமும் மாறும். இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த விஞ்ஞானி சுபாஷ் நாராயணன் தொடங்கிய சாஸ்கான் என்ற நிறுவனம், 2020-இல் ஓரல்ஸ்கேன் என்ற கைக்கருவியை வெளியிட்டது. வெவ்வேறு நிற விளக்குகள், ஒரு கேமரா, கணக்குப் போட ஒரு மென்பொருள். திசு எடுத்துச் சோதிக்க வேண்டுமென்றால் எந்த இடத்தில் எடுப்பது என்று காட்டித் தரும். கருப்பை வாய்க்கும் இதுபோல ஒன்று உண்டு. மலேசியாவில் வளர்ந்து, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் நிர்மலா ராமானுஜம் குழுவின் கையடக்கக் கால்போஸ்கோப். பேனா பருமனில் ஒரு கேமரா.

அப்படியானால் கருவி வாங்கி மலைக்கு அனுப்பிவிட்டால் முடிந்ததா? இங்கேதான் ஆர்வக்கோளாறு ஆபத்து. நீல ஒளியில் கருப்பாகத் தெரிவதெல்லாம் புற்று இல்லை. சுண்ணாம்பு சுட்ட புண், பல் குத்திய காயம், சாதாரண வீக்கம் எல்லாமே கருப்பாகத் தெரியும். வெற்றிலை போடும் வாயில் இவை எத்தனை இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கருவியை மட்டும் நம்பினால் மலையில் பாதிப் பேரைப் பயமுறுத்திக் கீழே அனுப்ப வேண்டிவரும். இரண்டு தடவை வீண் அலைச்சல் பட்டவர் மூன்றாவது தடவை வரமாட்டார். முதலில் பயிற்சி பெற்ற கண், சந்தேகம் வந்தால் கருவி, அதற்குப் பிறகு திசுச் சோதனை என்ற வரிசைதான் சரி.

வினிகர் முறைக்கும் வயதாகிவிட்டது. பார்ப்பவரைப் பொறுத்து முடிவு மாறும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அது சரியாக உதவாது, ஏனென்றால் பார்க்க வேண்டிய இடம் உள்ளே போய்விடும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் எச்.பி.வி. கிருமியின் டி.என்.ஏ. சோதனையை முதல் சோதனையாகச் சொல்லிவிட்டது. அதில் முதல் படிக்கு வெளிச்சமே வேண்டாம். பெண் தானே பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்துக் கொடுத்தால் போதும். போடிக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது என்றே சொல்லலாம். ராத்திரி வீட்டில் எடுத்து, காலையில் ஜீப் ஏறும்போது கொடுத்துவிட்டுப் போகலாம். கூச்சமும் மிச்சம், கூலியும் மிச்சம். கிருமி இருப்பதாக வந்த சிலருக்கு மட்டும் விளக்கும் கேமராவும் போதும். ஒளிக் கருவியை ஆதரித்து எழுதத் தொடங்கிய கட்டுரையில் இதைச் சொல்வது வேடிக்கைதான். ஆனால் எந்தக் கருவி ஜெயிக்கிறது என்பதைவிட யாருடைய பெயர் நோட்டில் விட்டுப்போகிறது என்பது பெரிய விஷயம்.

கடைசியாக, யாரும் அதிகம் பேசாத ஓர் எண். திண்டுக்கல் ஆய்வில் புற்றுக்கு முந்தைய மாற்றம் கண்டுபிடிக்கப்பட்ட பெண்கள் 1,874 பேர். அவர்களில் சிகிச்சை எடுத்துக்கொண்டவர்கள் 72 சதவீதம். நர்ஸ், கருவி, வண்டி எல்லாம் தயாராக இருந்த ஓர் ஆய்விலேயே நான்கில் ஒருவருக்கு மேல் சிகிச்சை போய்ச் சேரவில்லை. அப்படியென்றால் முகாம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு போடி மலையில் என்ன ஆகும்? 'தேனி மெடிக்கல் காலேஜுக்குப் போங்க' என்று ஒரு சீட்டு. அங்கிருந்து மதுரைக்கு இன்னொரு சீட்டு. போடிக்கு 2010 கடைசியில் நின்றுபோன ரயில் 2023 ஜூனில்தான் திரும்ப வந்தது. அதில் ஏறிப் போகலாம், ஆனால் கூட யார் போவது, அன்றைய கூலியை யார் கொடுப்பது?

அதனால் கேட்க வேண்டியது சின்னச் சின்ன விஷயங்கள்தான். வீடு தேடி ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021-இல் தொடங்கிய மாநிலம், ஜீப் தேடியும் போகலாம். ஜீப் வந்து நிற்கும் இடத்தில் சாயங்காலம் ஒரு மேசை, ஒரு நர்ஸ், ஒரு டார்ச், ஒரு பதிவேடு. காய் இல்லாத மாதங்களில் கருப்பை வாய்ப் பரிசோதனை, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. சந்தேகம் என்று சொல்லப்பட்டவருக்கு மதுரை போய் வரும் நாளின் கூலி. இடுக்கி நோட்டும் தேனி நோட்டும் மாதம் ஒரு தடவை ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடு. குரங்கணி, கொட்டகுடிக்கு மேலே உள்ள குடியிருப்புகளுக்கு ஜீப்பும் போகாது, அங்கே பையில் கொண்டுபோகக்கூடிய கருவிக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது. தோட்ட முதலாளிகள், ஏல கம்பெனிகள் பங்குக்கும் ஒன்று சொல்லலாம். காயின் நிறத்தைப் பிரித்துப் பார்க்கும் இயந்திரத்துக்குப் பணம் போடத் தயங்காதவர்களுக்கு ஒரு நர்ஸின் சாயங்காலச் சம்பளம் பெரிய தொகை இல்லை.

இன்று சாயங்காலமும் ஜீப்புகள் இறங்கும், ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு.